மோதிரம் செய்த குற்றம்

ஆனி மாதம் பிறந்துவிட்டால் நமது காரைக்காலுக்குக் கல்யாணக் களை வந்துவிடும். மாங்கனித் திருவிழாவில் புனிதவதியாருக்கும் பரமதத்தனுக்கும் ஆண்டுதோறும் ஊர் கூடித் திருக்கல்யாணம் செய்து வைக்கிறோம். பாரதியார் வீதியில் நடக்க இடமிருப்பதில்லை. பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்த பந்துக்கள் வெயிலைத் திட்டிக்கொண்டே மாம்பழம் தின்கிறார்கள். இத்தகைய பருவத்தில் கல்யாண மோதிரத்தினால் விளைந்த ஒரு சங்கடத்தைப் பற்றி எழுதப் புகுவது அபசகுனம் என்று நேயர்கள் எண்ணலாகாது. மோதிரம் வாங்கிய பிறகு எழுதினால் யாருக்கும் பிரயோஜனமில்லை. அதனால்தான் இப்போதே எழுதுகிறோம்.

மோதிரம் மாற்றிக்கொள்வது தமிழர் கல்யாணத்தில் எப்போது புகுந்தது என்று சிலர் கேட்கக்கூடும். மற்ற ஊர்களின் கதை எப்படியோ, எங்கள் ஊரில் அதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. இடையிடையே ஆங்கிலேயர் பறித்துக்கொண்ட காலம் போக, 1739 முதல் 1954-ஆம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி வரையில் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் ஆளுகையில் இருந்தது. ‘மேரி’ என்று வழங்கிய நகரசபைக் கட்டிடத்தில் கல்யாணத்தைப் பதிவு செய்வதும், ‘அலியான்ஸ்’ என்னும் மோதிரத்தை விரலில் போட்டுக்கொள்வதும் பல குடும்பங்களில் பழகிப் போயின. தாலியும் உண்டு, மெட்டியும் உண்டு, அவற்றோடு அலியான்ஸும் உண்டு. இஸ்லாமிய சகோதரர் வீடுகளிலே கருகமணி. எந்த மதமாயிருந்தாலும் ஒரு பெண் மனைவியானதும் அவள் உடம்பில் ஏறி, அப்புறம் இறங்கவே கூடாத வஸ்து ஏதோ ஓர் உலோகம்தான். அந்த ‘இறங்கவே கூடாது’ என்பதில்தான் சங்கடமெல்லாம் இருக்கிறது.

நம் தமக்கையின் பெண்ணுக்குச் சில வருஷங்களுக்கு முன்பு கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையின் பாட்டனார் பிரெஞ்சு ராணுவத்தில் ‘சொல்தா’வாக இருந்து பென்ஷன் வாங்கியவர். ஆகவே அலியான்ஸ் இல்லாமல் முடியாது. மஞ்சள் தங்கம் பழைய நாகரிகம் என்று இளைஞர்கள் இருவரும் முடிவு செய்து, பெரிய நகரத்துக் கடை ஒன்றிலே வெள்ளைத் தங்கத்தில் ஒரு ஜோடி மோதிரம் வாங்கினார்கள். 18 காரட், ஹால்மார்க் முத்திரை, கண்ணாடி போன்ற பளபளப்பு. கடையின் பெயர் இங்கே வேண்டாம். அவர்கள் பொய் ஒன்றும் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எட்டு மாதம் வரையில் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு மோதிரத்தின் அடியில் தோல் சிவந்தது. அரித்தது, சின்னச் சின்னக் கொப்புளமாய்க் கிளம்பி நீர் கசிந்தது. அடுத்தாற்போல் கழுத்தில், தாலிச் சங்கிலி தொங்கும் இடத்தில் திட்டுத் திட்டாக அதே புண். பெண் மருந்துக் கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கித் தடவினாள். நான்கு நாள் அடங்கிற்று. ஐந்தாம் நாள் முன்னிலும் மோசமாகத் திரும்பிற்று. கத்தரிக்காய் விலக்கப்பட்டது. கருவாடு விலக்கப்பட்டது. நவக்கிரகங்களில் ஒருவர் திருநள்ளாற்றில், எங்களுக்கு மூன்று காத தூரம் கூட இல்லாமல் வாசம் செய்வதால், அவர் மேலும் சந்தேகம் விழுந்தது. மாமியார் கெட்டவரல்லர். ஆனால் வீட்டுக்கு வந்த மருமகளின் மோதிரமும் தாலியும் அவள் உடம்பிலே தங்கமாட்டோம் என்று சொல்வது போல் இருந்தால், எந்த மாமியாருக்குத்தான் மனம் கலங்காது? அக்கம் பக்கத்தில் ஒருத்தி, “கல்யாணமே ஒத்துக்கொள்ளவில்லையோ?” என்று கேட்டுவிட்டாள். அதற்கப்புறம் அந்தப் பெண் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மோதிரத்தைக் கழற்றாமலே மூன்று மாதம் மறைத்து வைத்திருந்தாள்.

நம்மிடம் செய்தி வந்தபோது விரல் வீங்கி, மோதிரம் சதையில் புதைந்திருந்தது. சோப்பு நீர் போட்டுக் கழற்ற அரைமணி நேரமாயிற்று.

சரும வைத்தியராக இருந்த பெண்மணி விரலைப் பார்த்ததும் முதலில் கேட்டது, “பாத்திரம் தேய்க்கும்போது மோதிரத்தோடுதான் தேய்ப்பாயா, அம்மா?” என்பது. மோதிரத்துக்கடியில் சோப்பும் ஈரமும் தங்கிப் புண்ணாவது வெகு சகஜம். அது ஒவ்வாமை அல்ல, வெறும் எரிச்சல். மோதிரத்தைக் கழற்றிக் கையைத் துடைத்துக்கொண்டு வேலை செய்தால் தீர்ந்துவிடும். ஆனால் கழுத்திலும் வந்திருக்கிறதே! கழுத்தால் யாரும் பாத்திரம் தேய்ப்பதில்லை. ஆகவே ‘பாட்ச் டெஸ்ட்’ என்னும் ஒட்டுப் பரிசோதனை செய்தார்கள். ஜடாஸோன் என்னும் வைத்தியர் 1895-ல் வகுத்துக் காட்டிய முறை அது. இன்றும் அதற்கு மேலான வழி கிடையாது. சந்தேகப்படும் பொருள்களைச் சிறு வில்லைகளில் இட்டு முதுகிலே ஒட்டிவிடுகிறார்கள். இரண்டு நாள் முதுகை நனைக்கக் கூடாது. பிறகு பிரித்துப் பார்த்து, இன்னும் இரண்டு நாள் கழித்து மறுபடியும் பார்க்கிறார்கள். எந்த வில்லையின் கீழ் தோல் சிவந்து தடித்திருக்கிறதோ அதுதான் குற்றவாளி. நம் பெண்ணின் முதுகில் சிவந்தது ஒரே ஓர் இடம். நிக்கல்.

நிக்கலின் ஜாதகத்தைக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளிகளுக்குச் செம்புத் தாது மாதிரியே தோன்றும் ஒரு தாது அகப்பட்டுக்கொண்டிருந்தது. எவ்வளவு உருக்கினாலும் அதிலிருந்து செம்பு வராது. இது குட்டிச்சாத்தானின் வேலை என்று நினைத்து, அதன் பெயரையே தாதுவுக்கு வைத்தார்கள். 1751-ல் ஸ்வீடன் தேசத்துக் கிரோன்ஸ்டெட் என்பவர் அதனுள் ஒரு புது உலோகம் இருப்பதைக் கண்டுபிடித்தபோது அந்தக் குட்டிச்சாத்தான் பெயர் உலோகத்துக்கே நிலைத்துவிட்டது. ஆகவே மருமகளை ஏதோ பிடித்திருக்கிறது என்று நினைத்த மாமியாரை நாம் முழுவதும் குறை சொல்வதற்கில்லை.

வியர்வையிலே உப்பு உண்டு. உலோகத்தோடு உரசிக்கொண்டிருக்கும் வியர்வை, நிக்கலை அணுவணுவாகக் கரைத்துத் தோலுக்குள் கொண்டு போகிறது. அங்கே அது உடம்பின் புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. உடம்பைக் காவல் காக்கும் அணுக்கள் அதைப் பார்த்து, ‘இவன் அந்நியன்’ என்று குறித்துக்கொள்கின்றன. முதலில் ஒன்றும் தெரியாது. மாதங்கள் ஆகலாம், வருஷங்களும் ஆகலாம். ஆனால் ஒருமுறை குறித்துக்கொண்டுவிட்டால், அநேகமாக ஆயுள் முழுவதும் மறப்பதில்லை. அதற்குப் பிறகு நிக்கல் படும்போதெல்லாம் சண்டைதான். அந்தச் சண்டையும் உடனே தொடங்காது; ஒரு நாள், இரண்டு நாள் சென்றே தொடங்கும். திங்கட்கிழமை போட்ட நகைக்குப் புதன்கிழமை அரிப்பு. நடுவில் செவ்வாய்க்கிழமை சாப்பிட்ட கத்தரிக்காய் அநியாயமாகப் பழி சுமக்கிறது. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில், கடற்காற்று உலராத சித்திரை வைகாசி நாட்களில், வியர்வைக்குக் குறைவேது? குளிர் தேசத்தில் சாதுவாக இருக்கும் நகை கூட இங்கே வாலாட்டும்.

ஆண்களைவிடப் பெண்களுக்கே இது பன்மடங்கு அதிகம். தோலில் வித்தியாசம் இருப்பதால் அல்ல, காது குத்துவதால். புதிதாகத் துளைத்த காதில் போடும் மட்டமான தோடுதான் நிக்கலை முதன்முதல் உள்ளே அழைத்துப் போகிறது. இரண்டு வயதில் காதில் போட்டதன் வினை இருபத்திரண்டு வயதில் விரலில் வந்து விளையக்கூடும். குழந்தைக்குக் காது குத்தும்போது முதல் தோடு மட்டும் நல்ல தங்கமாயிருக்கட்டும் என்று பாட்டிமார் பிடிவாதம் பிடிப்பது வெறும் ஆடம்பரம் என்று நாம் வெகுகாலம் நினைத்திருந்தோம். அந்த எண்ணத்தை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறோம்.

சரி, தங்க மோதிரத்துக்குள் நிக்கல் எப்படி வந்தது? இங்கே வாத்தியார் வேலையைக் கொஞ்சம் செய்ய வேண்டியிருக்கிறது. 22 காரட் என்றால் நூற்றில் 91.6 பங்கு தங்கம், மீதி 8.4 பங்கு வேறு. 18 காரட்டில் மீதி 25 பங்கு. 14 காரட்டில் 41.5 பங்கு. 2025-ல் ஹால்மார்க் வரிசையில் சேர்ந்த 9 காரட்டிலோ மீதிதான் பெரும்பங்கு, 62.5. நம் ஆசாரிமார் வழக்கமாகச் சேர்க்கும் மீதி செம்பும் வெள்ளியும். அவற்றால் தோலுக்கு உபத்திரவம் அபூர்வம். மஞ்சள் நிறத்தை அழித்து வெள்ளையாக்க வேண்டுமானால்தான் வேறு சரக்கு வேண்டும். அதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று பல்லேடியம், விலை அதிகம். மற்றொன்று நிக்கல், விலை குறைவு. எதைக் கலந்தாலும் மேலே ரோடியம் என்னும் உலோகத்தை மெல்லிசாகப் பூசிவிடுவார்கள். நம் பெண் மயங்கிய கண்ணாடிப் பளபளப்பு அந்தப் பூச்சுத்தான். பூச்சு இருந்த வரையில் விரலைக் காப்பாற்றிற்று. எட்டு மாத உராய்வில் உட்புறம் தேய்ந்ததும் குட்டிச்சாத்தான் வெளியே வந்துவிட்டான்.

ஹால்மார்க் இருந்ததே என்பார்கள். 2021 ஜூன் முதல் படிப்படியாக அதைக் கட்டாயமாக்கியது நல்ல காரியம். மாற்றுக் குறைந்த தங்கத்தை விற்று ஏமாற்றுவது அதனால் கடினமாயிற்று. ஆனால் அந்த முத்திரை தங்கம் எவ்வளவு என்பதற்குத்தான் சாட்சி. மீதி என்ன என்பதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. பாரிஸிலிருந்து வந்த மாப்பிள்ளையின் சித்தப்பா சொன்னார்: ஐரோப்பாவில் 1994-ல் இதற்கென்றே ஒரு விதி செய்து, பிறகு அமலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். உடம்போடு நெடுநேரம் ஒட்டியிருக்கும் நகையிலிருந்து, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு, ஒரு வாரத்தில், அரை மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது. துளையில் மாட்டும் தோட்டுக்கு இன்னும் கடுமை, 0.2 மைக்ரோகிராம். அவர்கள் கணக்கிடுவது உள்ளே நிக்கல் எவ்வளவு என்பதை அல்ல, வெளியே எவ்வளவு கசிகிறது என்பதை. அது புத்திசாலித்தனமான கணக்கு. அந்நியர் நம்மிடமிருந்து கொண்டு போனவை எத்தனையோ இருக்க, இந்த ஒரு விதியை அவர்களிடமிருந்து நாம் இரவல் வாங்கினால் கௌரவம் குறைந்துவிடாது.

இவ்வளவு தெரிந்தும் நமக்கு ஒரு சந்தேகம் நிற்கவில்லை. மோதிரம் விரலைக் கெடுத்தது, சரி. தாலிச் சங்கிலியோ மஞ்சள் தங்கம், 22 காரட். அது ஏன் கழுத்தைக் கெடுக்க வேண்டும்?

பள்ளிக்கூடத்து ரசாயனச் சாலையில் டைமெதில்கிளையாக்ஸைம் என்று ஒரு மருந்து உண்டு. வாயில் நுழையாத பெயர்தான்; ஆனால் குணம் நல்லது. நிக்கலைக் கண்டால் ரோஜா நிறமாகச் சிவந்துவிடும். 1905-ல் சுகாயெவ் என்னும் ரஷ்ய ரசாயனி கண்டறிந்த சேதி இது. அந்தத் திராவகத்தில் சில சொட்டும் அம்மோனியாவில் சில சொட்டும் பஞ்சில் விட்டு நகையின் மேல் அரை நிமிஷம் தேய்த்தால் போதும், நகைக்குச் சேதமில்லை. ஒரு சனிக்கிழமை தமக்கை பெண், அவள் மாமியார், நாம், மூவருமாக மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். மோதிரத்தின் உட்புறம் தேய்த்தோம், பஞ்சு சிவந்தது. தாலியைத் தேய்த்தோம், பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. சங்கிலியைத் தேய்த்தோம், வெள்ளை. மாமியார் முகத்தில் ஒரு நிம்மதி. பிறகு சங்கிலியில் கொத்தாகத் தொங்கிய மூன்று ஊக்குகளைத் தேய்த்தோம்.

ஊக்குகள் மூன்றும் செக்கச் செவேலென்று சிவந்தன!

புடவைத் தலைப்புக்கு, ரவிக்கைக்கு, குழந்தையின் சட்டைக்கு, அவசரத்துக்கு என்று நம் ஸ்திரீகள் தாலிச் சங்கிலியிலே ஊக்கு மாட்டி வைக்கும் வழக்கம் யாவரும் அறிந்ததே. இரும்புக் கம்பியின் மேல் நிக்கல் பூசிய ஊக்குகள் அவை. கழுத்தைப் புண்ணாக்கியது தாலியும் அல்ல, சங்கிலியும் அல்ல. சந்தையில் அட்டை அட்டையாக விற்கும் ஊக்கு! அதை எடுத்தெறிந்த பதினைந்து நாளில் கழுத்து ஆறிவிட்டது. இந்தப் பரிசோதனையில் பஞ்சு சிவக்காவிட்டால் நிக்கல் அறவே இல்லை என்று அர்த்தமாகாது. மிகச் சொற்பமாயிருந்தால் தெரியாமல் போகலாம். ஆனால் சிவந்தால் தப்பில்லை.

இனி மாற்று மோதிரம் என்ன என்ற விசாரம். வீட்டில் ஆளுக்கொரு யோசனை. வெள்ளி போடலாமே என்றார் ஒருவர். அசல் வெள்ளியானால் ஆட்சேபமில்லை, நூற்றில் 92.5 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. ஆனால் ‘ஜெர்மன் ஸில்வர்’ என்பதில் வெள்ளி ஒரு குந்துமணியும் கிடையாது. செம்பு, துத்தநாகம், நிக்கல் ஆகிய மூன்றின் கூட்டு அது. மெட்டி வாங்குகிறவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கவரிங் போடலாமே என்றார் மற்றொருவர். சிதம்பரம் பக்கத்திலிருப்பதால் எங்களுக்குக் கவரிங்கின் மேல் ஓர் அபிமானம் உண்டு. எனினும் அன்றாடம் கழற்றாமல் போடும் மோதிரத்துக்குப் பூச்சு நகை உதவாது. பூச்சு தேய்ந்தால் அடியிலிருப்பது வெளிப்படும். தங்கப் பூச்சு நன்றாகப் பிடிப்பதற்கென்று அடியில் நிக்கலைப் பூசுவதும் உண்டு. மோதிரத்தின் உட்புறத்தில் நகச் சாயம் தடவிக்கொள்ளும் தந்திரமும் இந்த ஜாதிதான். சில நாள் தாங்கும்.

பிளாட்டினம் சிலாக்கியமானது. நூற்றில் 95 பங்கு பிளாட்டினமாயிருப்பதால் பூச்சு இல்லாமலே வெண்மை. தேய்ந்தாலும் உள்ளும் புறமும் ஒன்றே. மீதி 5 பங்கில் சிலர் கோபால்ட் சேர்ப்பதுண்டு. நிக்கல் ஒவ்வாதவர்களில் சிலருக்குக் கோபால்டும் ஒவ்வாது. ஆகையால் கேட்டு வாங்க வேண்டும். அது உருகுவதற்கு 1768 டிகிரி உஷ்ணம் வேண்டும். நம் தெரு ஆசாரியின் ஊதுகுழலுக்கு அது மசியாது. சிறிதாக்கவோ பெரிதாக்கவோ நகரத்துக்குத்தான் போகவேண்டும்.

டைட்டானியம் என்பது இன்னொன்று. முறிந்த எலும்புக்குள் வைத்துத் தைக்கிறார்களே, அந்த உலோகம். தோலோடு அநேகமாகச் சண்டையே போடாது, இறகு போல் லேசு, விலையும் அதிகமில்லை. அதன் மூலப்பொருளான இல்மனைட் நம்முடைய மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கறுப்பாகக் கிடக்கிறது. கொல்லத்துக்கு அருகே சவறாவில் 2011-ல் டைட்டானியம் எடுக்கும் ஆலையும் ஏற்பட்டுவிட்டது. சுதேசி அபிமானிகள் கவனிக்க! ஒரே குறை, விரல் பருத்துவிட்டால் டைட்டானிய மோதிரத்தை நீட்டிப் பெரிதாக்குவது எளிதல்ல. பிள்ளை பெற்ற பிறகு விரல் பருக்காத ஸ்திரீகள் எத்தனை பேர்?

‘சர்ஜிகல் ஸ்டீல்’ என்று கௌரவமான பெயரில் விற்கும் எஃகிலும் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் நிக்கல் இருக்கிறது. இறுகப் பிடித்து வைத்திருப்பதால் அவ்வளவாகக் கசியவிடுவதில்லை. பலருக்கு ஒத்துக்கொள்ளும், கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் பெயரை நம்பிப் போகாமலிருப்பது நலம். டங்ஸ்டன் மோதிரத்தைச் சேர்த்துப் பிடிக்கவும் நிக்கலோ கோபால்டோ உபயோகிப்பதுண்டு. தங்கமே ஒவ்வாதவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்க சரும வைத்தியர்களின் சங்கம் ஒன்று 2001-ல் தங்கத்தையே அவ்வருஷத்து ஒவ்வாப் பொருளாகப் பிரகடனம் செய்தது. ஆயினும் அந்த மனிதர்கள் வெகு அபூர்வம். பரிசோதனை செய்துகொள்ளாமல் யாரும் தங்கத்தின் மேல் பழி போட வேண்டாம். சம்பந்திமாருக்கு அது சௌகரியமாயிருந்தாலும் கூட!

கடைசியில் மாமியார்தான் வழி சொன்னார். “அண்ணா, மஞ்சளாயிருந்தால் என்ன? கழற்றாமல் போட்டுக்கொள்கிற மாதிரி இருந்தால் போதும்” என்றார். 24 காரட்டில் ஒரு தங்க நாணயம் வாங்கினோம். பழைய நகையை உருக்கவில்லை. அதில் எந்தக் காலத்தில் யார் என்ன பொடி வைத்து ஊதினார்களோ யாருக்குத் தெரியும்? ஆசாரி நம் எதிரிலேயே செம்பும் வெள்ளியும் நிறுத்துச் சேர்த்து உருக்கினார். கல் இல்லை, பூ வேலை இல்லை. அழுக்குத் தங்க இடமில்லாத வெறும் வளையம். பற்றவைப்புக்கும் அதே தங்கத்தில் வெள்ளி கூட்டியே உபயோகித்தார். “ஐயா இதற்கு முன்னால் கல்யாணத்தையே சந்தேகப்பட்டீர்களாமே?” என்று ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு அவர் கேட்டபோது, பதில் சொல்லாமல் சேதாரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டோம்.

விரல் முழுவதும் ஆறும் வரை மோதிரம் போடக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அந்த ஆறு வாரமும் பெண் வெறும் விரலோடுதான் மாங்கனித் திருவிழாவுக்கு வந்தாள். மாமியார்தான் பக்கத்தில் நடந்து வந்தார். போன வருஷத்திலிருந்து மோதிரம் விரலில் இருக்கிறது. தோலில் ஒரு மாசுமில்லை. பாத்திரம் தேய்க்கும்போது மட்டும் கழற்றி ஜன்னல் திண்ணையில் வைக்கிறாள். அதை அணில் கொண்டு போய்விடும் என்று மாமியாருக்குப் புதுக் கவலை.

அடுத்த சனிக்கிழமை அந்த அம்மாள் மறுபடியும் நம் வீட்டுக்கு வந்தார். கைக்குட்டையில் முடிந்திருந்ததை மேஜைமேல் அவிழ்த்தார். தம்முடைய ஊக்குகள், ஓரகத்தியின் ஊக்குகள், “கல்யாணமே ஒத்துக்கொள்ளவில்லையோ?” என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரியின் ஊக்குகள் உள்பட எல்லாமாகப் பதினேழு. பஞ்சு தீர்ந்து போயிற்று.